மாலையோடு முடிந்துபோகும் ஆவணப்படங்கள்

ஒரு சோபா, அதில் இரண்டு பேர். பின்னணி இசை இல்லை. மங்கித் தெளியும் பழைய புகைப்படங்கள் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை பேச்சுதான். 1978இல் பிபிசி ஒளிபரப்பிய 'மென் ஆஃப் ஐடியாஸ்' தொடரில் மெய்யியலாளர் ஏ.ஜே. அயர் வந்து உட்கார்ந்த பகுதி இது.

அயர் இளம் வயதில் எழுதி, 1936இல் வெளிவந்த 'லாங்குவேஜ், ட்ரூத் அண்ட் லாஜிக்' பிரிட்டிஷ் மெய்யியல் வட்டாரத்தை ஒரு கலக்குக் கலக்கிய சிறிய புத்தகம். சோதித்துப் பார்க்க வழியில்லாத கூற்றுக்குப் பொருளே கிடையாது என்று அது அடித்துச் சொன்னது. கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஒருசேர அர்த்தமில்லாமல் பேசுவதாக அறிவித்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பேட்டி காணும் பிரையன் மகீ கேட்கிறார்: அந்தக் கொள்கையின் முக்கியமான குறைகள் என்று இப்போது எவற்றைச் சொல்வீர்கள்? ஏறக்குறைய முழுவதுமே தவறு என்பதுதான் முதல் குறை என்கிறார் அயர். சொல்லிவிட்டு, எது எங்கே சறுக்கியது என்று விளக்கத் தொடங்குகிறார்.

சிந்தனையாளர் ஒருவரைப் பற்றிய படம் பார்வையாளருக்குக் காட்டக்கூடிய ஆகப் பெரிய காட்சி இதுவாகத்தான் இருக்கும். தனக்குப் பெயர் வாங்கித் தந்த கருத்தையே ஒருவர் கேமராவுக்கு முன் பிரித்துப் போடுகிறார். ஆன செலவு ஒரு சோபா. ஆனால் அருகே உட்கார்ந்திருந்தவர் விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். மரியாதை குறையாமல் மடக்கிக் கேட்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர் ஆவணப்படங்களில் இப்படி ஒரு காட்சி கிடைப்பது அரிது. தலைவர்கள், அறிஞர்கள், ஞானிகள் பற்றி இங்கே எடுக்கப்படும் பெரும்பாலான படங்களுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. முதலில் சிலை. சிலைக்கு மாலை. பிறகு பிறந்த வீட்டின் திண்ணை, படித்த பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை, வீணையோ புல்லாங்குழலோ, அதன்மேல் கனத்த குரலில் வர்ணனை. உறவினர் இருவர் நெகிழ்வார்கள். பேராசிரியர் ஒருவர் 'தீர்க்கதரிசி' என்பார். கடைசியில் இறுதி ஊர்வலம். அவர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை முறை சிறை சென்றார் என்பதெல்லாம் படம் முடிவதற்குள் தெரிந்துவிடும். யாரோடு சண்டை போட்டார், எதில் தோற்றார், எந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார், இன்று எடுத்துப் படித்தால் எந்த இடத்தில் உறுத்துகிறார் என்பது தெரியாது. சிந்தித்ததற்காக நினைவுகூரப்படுபவரின் சிந்தனையைத் தவிர மற்ற எல்லாம் படத்தில் இருக்கும்.

பழியில் ஒரு பங்கு கேமராவுக்கும் உண்டு. பாடகரைப் படமெடுத்தால் பாட்டு கேட்கும். ஓவியரைப் படமெடுத்தால் தூரிகை அசையும். யோசிக்கிற மனிதரைப் படமெடுத்தால் நாற்காலியில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தெரியும். இந்தச் சிக்கலை மறைக்காமல், அதையே கதையாக்கிக்கொண்ட படம் 2002இல் வெளிவந்த 'டெரிடா'. கிர்பி டிக்கும், டெரிடாவிடம் படித்த ஏமி ஸீரிங் கோஃப்மனும் சேர்ந்து இயக்கியது. பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் டெரிடா ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறார், சாலையைக் கடக்கிறார். நடுநடுவே, தன்னை இப்படிப் படமெடுப்பது எவ்வளவு செயற்கையானது என்று படக்குழுவிடமே விளக்குகிறார். நீங்கள் வராவிட்டால் நான் வீட்டில் இப்படி உடுத்திக்கொண்டு இருக்கவே மாட்டேன் என்கிறார். அரிஸ்டாட்டிலின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் பிறந்தார், சிந்தித்தார், இறந்தார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்ற ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரின் கருத்தையும் இழுத்துப்போட்டுப் பேசுகிறார்.

படத்தின் நல்ல இடங்கள் எல்லாம் அவர் மறுக்கும் இடங்கள். காதலைப் பற்றிப் பேசுங்கள் என்றால், பொதுவாகக் காதல் என்று ஒன்றைப் பற்றிப் பேச என்னிடம் எதுவுமில்லை, கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள் என்கிறார். ஹெகலையோ ஹைடெக்கரையோ பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் அதில் எதைப் பார்க்க விரும்புவீர்கள் என்றால், யோசித்துவிட்டு, அவர்களுடைய பாலியல் வாழ்க்கையை என்கிறார். அவர்கள் எழுத்தில் ஒருபோதும் பேசாத விஷயம் அது என்பதால். கூரை வரை அடுக்கிய நூலகத்தில், இத்தனையையும் படித்துவிட்டீர்களா என்ற கேள்விக்கு, மூன்று நான்கைத்தான் படித்தேன், ஆனால் அவற்றை நன்றாகப் படித்தேன் என்று பதில் வருகிறது. நகைச்சுவைதான். ஆனாலும் ஒரு மனிதர் எப்படி யோசிக்கிறார் என்பது, ஒரு கேள்வியை அவர் எப்படித் திருப்பி அனுப்புகிறார் என்பதில் பிடிபட்டுவிடுகிறது. அவருடைய நூல்களில் ஒரு பக்கம்கூடப் புரியாதவர்களும் இந்தப் படத்தை ரசிக்கலாம் என்பது இதன் பலம். பார்த்துவிட்டு டெரிடாவைப் புரிந்துகொண்டதாக நினைப்பதில் உள்ள ஆபத்தும் அதே அளவுக்கு உண்டு.

அஸ்ட்ரா டெய்லர் வேறு வழி பிடித்தார். 2008இல் அவர் எடுத்த 'எக்ஸாமின்ட் லைஃப்' எட்டுச் சிந்தனையாளர்களை வகுப்பறையிலிருந்து தெருவுக்கு இழுத்து வருகிறது. ஆளுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். பீட்டர் சிங்கர் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில், விலை உயர்ந்த கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்கு முன் நடந்தபடி பேசுகிறார். குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினால் நம் காலணி பாழாகும் என்று பார்ப்போமா? அப்படியானால் தூரத்தில் பசியில் சாகும் குழந்தைக்காக ஒரு ஜோடி காலணியின் விலையைக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்? 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து இந்தியாவுக்குள் அகதிகள் வந்து குவிந்தபோது எழுதப்பட்டு, மறு ஆண்டு வெளியான அவருடைய கட்டுரையின் வாதம் அது. கல்கத்தா அருகே முகாம்களில் மக்கள் கிடந்த காலத்தில் பிறந்த கேள்வியை, ஐந்தாம் நிழற்சாலையின் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் நடுவே கேட்கவைத்தது இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். ஸ்லாவோய் ஜிஜெக்கை லண்டன் குப்பைக்கிடங்கில் நிறுத்திச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசவைத்ததும் அந்த வகைதான். கொஞ்சம் வித்தை காட்டும் வாசனை அடித்தாலும்.

ஆனால் இவையெல்லாம் நடந்துகொண்டே நிகழ்த்தும் சொற்பொழிவுகள். அந்தப் படத்தில் யோசனை கண்ணெதிரே நிகழ்வது ஒரே ஒரு பகுதியில். ஜூடித் பட்லரும், இயக்குநரின் சகோதரியும் மாற்றுத்திறனாளியுமான சுனோரா டெய்லரும் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் சேர்ந்து போகிறார்கள். சுனோரா சக்கர நாற்காலியில். நடப்பது என்றால் என்ன, எந்த உடலுக்கு எது சாத்தியம், காபிக் கடையில் கோப்பையை வாயால் கவ்வி எடுத்தால் சுற்றியிருப்பவர்களுக்கு ஏன் சங்கடமாகிறது, உதவி கேட்பது அரசியல் காரியமாவது எப்போது என்று பேச்சு வளர்கிறது. வழியில் குளிருகிறது என்று பழைய துணிக் கடைக்குள் நுழைந்து ஒரு ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். அதைப் போட்டுக்கொள்ள எவ்வளவு உதவி வேண்டும் என்பதும் உரையாடலில் சேர்ந்துவிடுகிறது. ஒருவர் மட்டும் பேசிய மற்றப் பகுதிகளில் முடிந்த முடிவுகள் வருகின்றன. இருவர் பேசும் இந்தப் பகுதியில் முடிவுக்கு வராத எண்ணங்கள் வருகின்றன. ஆவணப்படம் எடுப்பவர்கள் கற்றுக்கொள்ளச் சோபா ஒன்று, ஸ்வெட்டர் கடை ஒன்று.

அறம் பற்றிய படங்களில் எரோல் மோரிஸை விட்டுவிட்டுப் பேச முடியாது. பிரின்ஸ்டனில் அறிவியல் வரலாறு படித்தபோது அவருடைய ஆசிரியர் தாமஸ் கூன். அறிவியல் புரட்சிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே கூன். உண்மை என்பது காலத்துக்கும் கருத்துச் சட்டகத்துக்கும் ஏற்ப மாறுமா, மாறாதா என்ற விவாதம் முற்றி, கூன் தன் மேல் சாம்பல் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார் என்று மோரிஸ் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கோபத்தை விவரித்து ஒரு புத்தகமே போட்டார். பட்டம் வாங்காமல் வெளியேறியவர் படமெடுக்கப் போனார். 1988இல் வந்த அவருடைய 'தின் ப்ளூ லைன்', 1976இல் டல்லஸ் நகரில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸின் வழக்கைத் தோண்டியது. ஒரு காலத்தில் மரண தண்டனையின் விளிம்பு வரை போனவர் அவர். சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து பேசப் பேச, அவர்களுடைய வாய்மொழியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1989இல் ஆடம்ஸ் விடுதலையானார். உண்மை என்று ஒன்று உண்டு, யார் சுட்டார் என்ற கேள்விக்குச் சட்டகங்களைத் தாண்டி ஒரே விடைதான் உண்டு என்று ஆசிரியரிடம் வாதிட்ட மாணவர், அதை ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்டுக் காட்டினார். மெய்யியல் விவாதங்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மோரிஸின் இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

அவருடைய 'ஃபாக் ஆஃப் வார்' (2003) இன்னும் கடினமான படம். வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் மக்னமாரா, 85 வயதில் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். பேட்டி கொடுப்பவர் லென்ஸைப் பார்க்கும்போதே கேள்வி கேட்பவரின் முகமும் அவருக்குத் தெரியும்படி மோரிஸ் ஒரு கருவியை அமைத்திருந்தார். அதனால் மக்னமாரா பார்வையாளரின் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தீக்குண்டுகளுக்கு இரையானதை நினைவுகூர்கிறார். அந்தத் தாக்குதல்களைத் திட்டமிட்ட படைப்பிரிவில் அவரும் இருந்தார். போரில் தோற்றிருந்தால் நம்மைப் போர்க்குற்றவாளிகள் என்று விசாரித்திருப்பார்கள் என்று தன் தளபதி சொன்னது சரிதான் என்கிறார். தோற்றால் குற்றம், ஜெயித்தால் குற்றமில்லை என்பது எப்படி என்று அவரே கேட்டுக்கொள்கிறார்.

கடைசியில் மோரிஸ் கேட்கிறார்: 1968இல் பதவியை விட்டு வந்தபின் போரை எதிர்த்து ஏன் வாய் திறக்கவில்லை? மக்னமாரா பதில் சொல்ல மறுத்துவிடுகிறார். என்ன சொன்னாலும் பழிதான், சொல்லாவிட்டாலும் பழிதான் என்பதுபோல் நழுவுகிறார். அந்த மறுப்பை மோரிஸ் வெட்டி எறியவில்லை. அறிவுள்ள ஒரு மனிதரின் அறம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று காட்ட, அதைவிட நல்ல காட்சி அவருக்குக் கிடைத்திருக்காது.

எல்லா இயக்குநர்களும் கத்தரிக்கோலை இவ்வளவு நேர்மையாகப் பிடிப்பதில்லை. சிந்தனையாளர் ஹானா அரெண்டின் கதை இதற்கு நல்ல சான்று. யூதப் படுகொலையின் போக்குவரத்தை ஒழுங்குசெய்த அடால்ஃப் ஐக்மனின் விசாரணை 1961 ஏப்ரலில் ஜெருசலேமில் தொடங்கியது. அரெண்ட் நேரில் போய்ப் பார்த்து எழுதிய கட்டுரைகள் 1963இல் 'நியூயார்க்கர்' இதழில் வந்தன. கூண்டில் நிற்பவன் அரக்கன் அல்ல, யோசிக்க மறுத்த ஓர் அலுவலகப் பணியாளன் என்பது அவருடைய வாதம். அதே விசாரணையை அமெரிக்க இயக்குநர் லியோ ஹர்விட்ஸ் மறைவாக வைத்த கேமராக்களால் வீடியோவில் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவுகளிலிருந்து 1999இல் எயால் சிவான் 'தி ஸ்பெஷலிஸ்ட்' என்ற படத்தைச் செதுக்கினார். வர்ணனை இல்லை, நீதிமன்றமும் கண்ணாடிக் கூண்டும் மட்டும். அரெண்டின் நூலைப் படித்தவர்களுக்கு, அந்த நூலே உயிர்பெற்று எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

சிக்கல் அங்கேதான். காட்சிகளின் வரிசையும் ஒலியும் அரெண்டின் வாதத்துக்குப் பொருந்தும்படி மாற்றி ஒட்டப்பட்டதாகச் சில ஆண்டுகள் கழித்துக் குற்றச்சாட்டு எழுந்தது. சொன்னவர் ஜெருசலேமின் யூதத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நடத்தியவர். சிவான் அதை ஏற்கவில்லை. பெரிய இடி பிறகு விழுந்தது. பிடிபடுவதற்கு முன், 1957இல் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த ஐக்மன், வில்லம் சாசன் என்ற நாஜிப் பத்திரிகையாளரிடம் மனம்விட்டுப் பேசிய ஒலிநாடாக்கள் உண்டு. விசாரணையில் அரசுத் தரப்பிடம் இருந்தது எழுத்துப்படி மட்டுமே. அதில் பெரும்பகுதியை நீதிமன்றம் சான்றாக ஏற்கவில்லை. அந்த நாடாக்களில் எஞ்சியவற்றை 2022இல் ஓர் இஸ்ரேலிய ஆவணப்படத் தொடர் ஊரறிய ஒலிக்கவிட்டது. அதில் கேட்கும் குரல் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த எழுத்தரின் குரல் இல்லை. எல்லோரையும் கொன்று முடிக்கவில்லையே என்று வருந்துகிறவனின் குரல் அது.

அரெண்ட் விசாரணை முழுவதும் அங்கே இருக்கவில்லை. அந்த நாடாக்களையும் அவர் கேட்டதில்லை. யோசிக்க மறுப்பதால் தீமை விளையும் என்ற அவருடைய கருத்து வேறு பல மனிதர்களுக்குப் பொருந்தலாம். ஐக்மனுக்குப் பொருந்துமா என்பது இப்போது வலுவான சந்தேகம். ஒரு சிந்தனையாளரின் புகழ்பெற்ற முடிவை ஒரு படம் தாங்கிப் பிடித்தது, இன்னொரு படம் இழுத்துக் கீழே வைத்தது. அரெண்ட் இதனால் சிறுத்துப்போகவில்லை. அவரை இன்றும் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு இன்னும் ஒரு காரணத்தைச் சேர்த்திருக்கிறது.

ஒரு சிந்தனையாளரை இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கு நேர் எதிரான ஒரு காரியம் தினமும் கைபேசியில் நடக்கிறது. 1959இல் பிபிசியின் 'ஃபேஸ் டு ஃபேஸ்' நிகழ்ச்சியில் ஜான் ஃப்ரீமன் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் பேட்டி கண்டார். எதிர்காலத் தலைமுறைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டதும், உண்மைகளை மட்டும் பாருங்கள், அன்பு அறிவுடைமை, வெறுப்பு மடமை என்ற பொருளில் ரஸ்ஸல் சொன்ன சில நொடிகள் இன்று சோகமான பியானோ இசையோடு உலகம் சுற்றுகின்றன. ஃப்ரீமன் அவரைத் துருவிக் கேட்ட மற்ற கேள்விகள் சுற்றுவதில்லை. ஜே. கிருஷ்ணமூர்த்திக்கும் இதே கதி. 1974இல் சான் டியாகோவில் ஆலன் ஆண்டர்சனோடு அவர் நடத்திய 18 உரையாடல்கள் வண்ண வீடியோவாக இருக்கின்றன. நான் சொல்வதை ஏற்காதே, நீயே பார் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் அவர். 1929இல் தனக்காகவே உருவாக்கப்பட்ட அமைப்பைக் கலைத்தவர். அடையாறில் கண்டெடுக்கப்பட்டு, 1986 ஜனவரியில் சென்னையில் தன் கடைசிப் பேச்சை நிகழ்த்தியவர். அந்த உரையாடல்களில் ஒரு நிமிடத்தைக் கிள்ளி எடுத்து, 'குருவின் வாக்கு' என்று தலைப்பிட்டு ரீல்ஸ் ஆக்குகிறார்கள். மாலை போடுவதற்குச் சிலை தேவையில்லை. நல்ல எடிட்டிங் மென்பொருள் இருந்தால் போதும்.

இந்தியாவில் சிந்தனையாளர்களைப் பற்றிய படங்கள் மாலையாகவே போவதற்கு வலுவான காரணம் காசு. படத்துக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நூற்றாண்டு விழாக் குழு, அறக்கட்டளை, அரசுத் துறை, இல்லாவிட்டால் குடும்பம். கடிதங்களும் புகைப்படங்களும் குடும்பத்தின் பீரோவில் இருக்கின்றன. சாவி வேண்டுமானால் சங்கடமான கேள்விகளைக் கேட்கக் கூடாது. சத்யஜித் ராய்க்கே இதுதான் நிலைமை. தாகூர் நூற்றாண்டை ஒட்டி அரசுக்காக 1961இல் அவர் எடுத்த 54 நிமிடப் படம் ஒளிப்பதிவிலும் கட்டமைப்பிலும் அற்புதமானது. வர்ணனையும் அவருடைய குரலே. ஆனால் தேசியக் கவிஞரின் அதிகாரபூர்வச் சித்திரம் என்பதால், சர்ச்சைக்குரிய எதையும் அவர் தொடவில்லை. காந்தி பற்றி விட்டல்பாய் ஜாவேரி 1968இல் முடித்த ஐந்து மணி நேரத்துக்கும் மேலான 'மகாத்மா' ஒரு மாபெரும் ஆவணத் தொகுப்பு. 1955இல் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில், காந்தியை மகாத்மா என்று அழைக்கவே அம்பேத்கர் மறுத்துவிட்டார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, இருவர் வாதத்தையும் முழுதாகக் கேட்கவிடும் ஒரு படத்துக்கு எந்த விழாக் குழு பணம் கொடுக்கும்?

காசைத் தாண்டி வந்தாலும் சென்சார் நிற்கிறது. பொருளியலாளரும் அறவியல் சிந்தனையாளருமான அமர்த்தியா சென் பற்றி சுமன் கோஷ் எடுத்த 'தி ஆர்குமென்டேட்டிவ் இந்தியன்' பெரும்பகுதியும் சென்னும் அவருடைய மாணவர் கௌசிக் பாசுவும் உட்கார்ந்து பேசுவதுதான். 2017இல் தணிக்கைக் குழு, 'குஜராத்', 'பசு', 'இந்துத்துவா' போன்ற சொற்களை ஒலியடக்கம் செய்யச் சொன்னது. நோபல் பரிசு பெற்ற ஒரு முதியவர் ஒரு விலங்கின் பெயரை உச்சரித்தால் நாட்டின் அமைதி கெடும் என்று அரசு அமைப்பு ஒன்று நம்பியது. இயக்குநர் மறுத்து நின்றார். இழுபறிக்குப் பின் 2018இல்தான் படம் திரைக்கு வந்தது. ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' (2018) பேசுவது சுட்டுக் கொல்லப்பட்ட சிந்தனையாளர்களை: 2013இல் தபோல்கர், 2015இல் பன்சாரேயும் கல்புர்கியும், 2017இல் கௌரி லங்கேஷ். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் சிறந்த முழுநீளப் படத்துக்கான விருது பெற்ற அந்தப் படம், 2019இல் கேரள விழாவில் திரையிட மத்திய அரசின் அனுமதி கிடைக்காமல் உயர் நீதிமன்றத்தின் வாசல் ஏற வேண்டியிருந்தது. நீதிமன்றம் அனுமதித்தது. மாலை போடும் படத்துக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

தமிழில் இந்தத் துறைக்குப் பழமை உண்டு, மறந்துவிட்டோம். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர். 1937இல் காந்தி பிறந்த நாளன்று, அட்லாண்டிக் கடலில் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போது, காந்தி பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உலகெங்கும் சிதறிக் கிடந்த காந்தி படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, ஏறத்தாழ 50,000 அடிகள் சேர்த்தார். அதை 12,000 அடிகளாகச் சுருக்கி, தமிழ் வர்ணனையோடு 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்டார். வெள்ளையர் ஆட்சி, அதுவும் உலகப் போர்க்காலம். அந்தத் தேடலை அவர் பயணக் கட்டுரைகளாக எழுதியதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகப் பதிப்பித்திருக்கிறார். செட்டியார் காந்தி பக்தர். அவர் படத்தில் காந்தியோடு வாதாட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் விட்டுச்சென்ற பாடம் உழைப்பு. ஒரு சுருளுக்காகக் கண்டம் தாண்டுவது, யார் எங்கே எடுத்தது என்று உறுதிசெய்வது, தன்னை எங்கும் முன்னிறுத்தாமல் இருப்பது. அவருடைய மூலத் தமிழ்ப் படம் முழுதாக நம் கையில் இல்லை என்பது தமிழர்களின் ஆவண அக்கறைக்கு எழுதப்பட்ட மதிப்பெண்.

செட்டியாரின் உழைப்பையும் மகீயின் கேள்வியையும் சேர்த்து இன்று தமிழில் ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால், கதை தயாராகக் காத்திருக்கிறது: பெரியாரும் ராஜாஜியும். ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர் என்று தொடங்கிய நட்பு. ஒருவர் அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையை 1930களிலேயே தமிழில் வெளியிட்டவர். மற்றவர் கீதைக்கும் உபநிடதங்களுக்கும் உரை எழுதி, மார்க்கஸ் அரேலியஸையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1938இல் ராஜாஜியின் ஆட்சி, இந்தி எதிர்ப்புக்காகப் பெரியாரைச் சிறையில் வைத்தது. 1949இல் மணியம்மையை மணப்பதற்கு முன் பெரியார் திருவண்ணாமலை போய்ச் சந்தித்தது அதே ராஜாஜியை; அங்கே என்ன பேசினார்கள் என்ற ஊகம் பல ஆண்டுகள் அரசியலாக ஓடியது. 1953இல், எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்து மறுபடியும் மோதல். மறு ஆண்டு ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தள்ளாத வயதில் மயானத்துக்கு வந்து பெரியார் கண் கலங்கினார்.

கடவுள், சாதி, பெண், கல்வி, மொழி எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்ற இருவர் அரை நூற்றாண்டு எப்படி நண்பர்களாக இருந்தார்கள் என்பது மெய்யியல் கேள்விதான். கருத்தை முழுமூச்சாக எதிர்த்துக்கொண்டே மனிதரை மதிப்பது சாத்தியமா, அதற்கு என்ன விலை, அந்த விலையைக் கொடுத்தது யார் என்றெல்லாம் அது கிளை பிரியும். பத்திரிகைத் தொகுப்புகள், சட்டமன்றப் பதிவுகள், பெரியாரின் பேச்சு ஒலிப்பதிவுகள், ராஜாஜியின் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. அந்த நட்பை அழகான கதையாகச் சொல்லி முடித்துவிட்டால் அது இன்னொரு மாலை. கல்வித் திட்டத்தை ஆதரித்தவர் ஒருவரையும், அதனால் தன் படிப்பு நின்றிருக்கும் என்று கருதுபவர் ஒருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் ஓடவிடும் துணிச்சல் வேண்டும். தயாரிப்பாளர் முதலில் கேட்கப்போவது, இரு தரப்பு அமைப்புகளிடமும் அனுமதி வாங்கியாயிற்றா என்பதாக இருக்கும். வாங்காமல் எடுப்பதாக இருந்தால் மட்டும் இந்தப் படத்தைத் தொடங்கலாம்.